கதவு இறங்கியிருக்கு, சார்

ஜீவனஹள்ளியில் கோவிந்தப்பாவின் ஹார்டுவேர் கடைக்குப் போனால் சாமான் சட்டென்று கிடைக்காது. கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் பிரபா என்ற பெண்மணி முதலில் விசாரணை நடத்துவார். போனில் எடுத்த போட்டோவை நீட்டினால் பார்க்கவே மாட்டார்.

"கையால காட்டுங்க சார். எப்படித் தொறப்பீங்க?"

தெருவே பார்க்க, இல்லாத குழாயைத் திருக வேண்டும், இல்லாத ஜன்னலைத் தள்ள வேண்டும். மானம் கப்பலேறும்.

பீன்யாவில், கதவுச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் கீலையும் தாழ்ப்பாளையும் சரிபார்த்தவர் அவர். அங்கே ஆள் குறைத்தபோது இந்தக் கடைக்கு வந்தார். எங்களைப் போன்ற வாடகைக்காரர்களுக்கு அது அதிர்ஷ்டம். ஓனரைக் கூப்பிட்டால் வரப் பத்து நாளாகும். பிரபா நின்ற இடத்திலேயே வழி சொல்லிவிடுவார்.

ஒரு சனிக்கிழமை, குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, புதிது வேண்டும் என்று போய் நின்றேன். காற்றில் கதவை இழுத்துக் காட்டினேன்.

"இழுக்கறப்போ தோளைத் தூக்கறீங்க. கதவு இறங்கியிருக்கு, சார். தாழ்ப்பாள் மேல தப்பில்ல. மேல் கீலுக்கு நீள ஸ்குரூ போடுங்க, போதும்."

என் வீட்டு வாசலைக்கூட மிதித்திராதவர்! ஆனாலும் நான் சாஃப்ட்வேர்க்காரன், தலைக்கனம் கொஞ்சம் கூடுதல். வீட்டுக்கு வந்து ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆன்லைனில் பெரிய தாழ்ப்பாளாக வரவழைத்து மாட்டினேன். இறுக்கமாகத்தான் விழுந்தது. 'எவ்வளவு பலம் பார்' என்று மனைவி லாவண்யாவிடம் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவள் ஆபீஸ் போயிருந்த நேரம், எங்கள் நாலு வயது மகள் இளவேனில் குளியலறைக்குள் போய் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். திறக்க வரவில்லை. உள்ளே வெந்நீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"சுடுதுப்பா!"

உடைக்கலாம் என்று கதவில் தோளைக் கொடுத்தேன். அழுகை கதவுக்கு அந்தப் பக்கம், ஒட்டினாற்போல் கேட்டது. உடைத்தால் கதவு அவள்மேல்தான் விழும். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பிரபாவுக்குப் போன் செய்து, நடந்ததைக் கொட்டினேன்.

"பெரிய தாழ்ப்பாளா மாட்டினீங்களா?"

"ஆமாங்க."

அதற்குமேல் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

"கீசர் சுவிட்சை அணைங்க. வெளிய வால்வு இருக்கும், மூடுங்க. ஆச்சா? போனை ஸ்பீக்கர்ல போடுங்க. பாப்பா, அத்தை பேசறேன். இன்னும் சுடுதா?"

"இல்ல."

"சமத்து. அந்தக் கம்பி மேல கை வெச்சுக்கோ. அப்பா கதவைத் தூக்குவாரு, அப்போ தள்ளு. சார், கைப்பிடியைப் புடிச்சு சொல்பமா மேல தூக்குங்க. இடிக்காதீங்க. ஒரு நூல் அளவு போதும்."

ஏதோ பக்கத்தில் நின்று பார்ப்பவர்போல அத்தனை நிதானம். தூக்கினேன். உள்ளே கம்பி நகர்ந்தது.

காலில் லேசான சிவப்போடு, சொட்டச் சொட்ட வெளியே வந்தவள் என்னிடம் வரவில்லை. நேராகப் போனிடம் போனாள்.

"அத்தை, நான்தான் தொறந்தேன்!"

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துக் காதில் வைத்தேன். பிரபா விசும்பிக்கொண்டிருந்தார். இத்தனை பயத்தையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா எனக்கு நூல் கணக்குச் சொன்னார்! கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.