புரதத்துக்குத் தண்ணீர் விடாதவன்

இன்று பஸ்ஸில் மாமா மகன் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். டெல்டாப் பக்கம் கீழ்வேளூரில் நெல் போடுகிறவன்.

"என்னடா மச்சான் இது?"

"வெளிச்சம் பட்டா வேலை செய்யுற புரதம். உள்ள மின்னூட்டம் எப்படி நகருதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறேன். மூணு வாரமா மின்னூட்டம் பாதி வழியிலயே நின்னுடுது."

"உசுருள்ள சாமான்தானே? தண்ணி எங்க?"

"கணக்கு சீக்கிரம் முடியட்டும்னு தண்ணி மூலக்கூறையெல்லாம் எடுத்துட்டேன்."

"தண்ணி கேட்டு வருஷா வருஷம் மறியல் பண்ற குடும்பத்துல பொறந்துட்டு நீயே மடையை அடைச்சிருக்கியேடா!"

வீட்டுக்கு வந்ததும் தண்ணீரைத் திரும்பச் சேர்த்தேன். நின்ற இடத்தைத் தாண்டி மின்னூட்டம் ஓடுகிறது.

தண்ணீரை நிறுத்தியது யார் என்று ஆராய்ச்சிக் கட்டுரையில் சொல்லியாக வேண்டும். வழக்கமாக நாம் திட்டும் பக்கத்து மாநிலத்தின் பெயரையே போட்டுவிடட்டுமா?