கை காட்டினால்தான் கரண்டு

1980-களில் பக்கவாதம் வந்து என் வலது மணிக்கட்டு தொங்கிப்போனது. பண்டமாரானில் வீடு, துறைமுகத்தில் வேலை. கப்பல் மேல்தட்டில் நின்று கிரேன்காரருக்குச் சைகை காட்டுவேன். அடியில் கிடக்கும் சரக்கு அவர் கண்ணுக்குத் தெரியாது. என் கைதான் தெரியும். இடது கை கம்பியைப் பிடித்திருக்கும், வலது கை பேசும். அந்தக் கை எழாவிட்டால் இனி கேட்டில் உட்கார்ந்து லோரி பார்க்கும் வேலைதான் என்று எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் சொல்லிவிட்டார். தைப்பூசம் வரைக்கும் பொறுப்பாராம்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மிஸ்ஸி, என் முன்கையில் இரண்டு ஈரப் பட்டைகளை வைத்துக் கட்டுவார். சுவர் பிளக்கில் செருகிய பெட்டியின் பொத்தானை அழுத்தினால் எறும்பு ஊர்வதுபோல் கரண்டு ஓடும். மணிக்கட்டு தானாக நிமிரும். விட்டால் விழும்.

"அங்கிள், கரண்டு வரப்ப நீங்களும் தூக்கணும். சும்மா இருந்தா சதை மட்டும்தான் ஆடும். ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தாத்தான் மூளை மறுபடி வழி கண்டுபிடிக்கும்."

தலையாட்டுவேன். ஆனால் கை எழும் அழகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவேன். நான் முயலும்போது கரண்டு முடிந்திருக்கும். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரி சும்மா இருப்பாளா?

"மிஸ்ஸி, இவரு படம் பார்க்க வந்திருக்காரு. இடைவேளைல கச்சான் கடலை வாங்கிக் கொடுங்க."

மிஸ்ஸி சிரித்துவிட்டு என் வேலையை விசாரித்தார். சொன்னேன்.

"கிரேன்காரரு எப்ப தூக்குவாரு?"

"நான் காட்டுனாத்தான். அதுக்கு முன்னாடி தொட்டா மண்டோர் கத்துவாரு."

"அப்ப நான்தான் கிரேன். நீங்க காட்டுங்க, நான் தூக்குறேன்."

அன்றிலிருந்து பொத்தான் எனக்காகக் காத்திருந்தது. சைகைக்கு என் தோள் இறுகுவதைப் பார்த்த பிறகே அழுத்துவார். கை எழுந்தால், அது நான் சொல்லி எழுந்த கை. திரும்பி வரும் பஸ்ஸிலும் மனசுக்குள் காட்டிக்கொண்டே வருவேன்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அப்படித்தான் முனைந்தேன், மிஸ்ஸி அழுத்தினார். மணிக்கட்டு சோம்பேறித்தனமாக ஒரு விரல் உயரம் எழுந்தது.

"என்ன மிஸ்ஸி, இன்னிக்கு கரண்டு கம்மியா?"

வீட்டுக்காரி மேலே பார்த்தாள். "ஃபேன் நிக்குது லா. கரண்டே இல்ல."

மிஸ்ஸி பொத்தானை இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தார். பிறகு மெதுவாகக் கையை எடுத்தார்.

"மறுபடி காட்டுங்க, அங்கிள்."

காட்டினேன். எழுந்தது.

தைப்பூசத்துக்குள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. மண்டோர் பார்த்தார், கனமில்லாத சரக்கில் பழகிப் பார்க்கச் சொல்லி மேல்தட்டுக்கு அனுப்பினார். இடது கையால் கம்பியைப் பிடித்தேன், வலது கையைக் காட்டினேன். உயரத்திலிருந்து கிரேன்காரர் குரல் வந்தது.

"அண்ணே, கை மெதுவாத்தான் ஏறுது."

"ஏறுதில்ல?"

"ஏறுது, ஏறுது. நானும் மெதுவாவே தூக்குறேன்."