ரங்கனுக்கு அடுத்த இடம்

அடையாறு வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு என் மகன் போனில் போக்கர் ஆடுகிறான். எதிராளி யார் என்று கேட்டால் தெரியாதாம். "ப்ளஃப் பண்ண மூஞ்சி எதுக்குப்பா? பொசிஷன்தான் முக்கியம். மத்தவன் ஆடினப்புறம் நாம ஆடணும்" என்று எனக்கே பாடம். அடப்பாவி, இடம் பிடிப்பதைப் பற்றி என்னிடமா!

கல்யாணத்துக்கு முன்னால் தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்தேன். சட்டைப் பிரிவில் நாங்கள் மூன்று பேர். மதியம் சாப்பிட்டானதும் கோடவுனில், கஞ்சி மொடமொடக்கும் புதுத்துணி வாசனைக்கு நடுவே, அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூணு சீட்டு ஆடுவோம். பந்தயம், சட்டை மடிப்பிலிருந்து உருவிய குண்டூசிகள். வாங்கிப்போனவர்களுக்குக் கழுத்தில் குத்தாமல் காப்பாற்றினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேவராஜ் மந்தைவெளிக்காரன். ரங்கனுக்கு மயிலாப்பூர். வீட்டில் பிராமண ஆத்துத் தமிழ். கடைக்குள் நுழைந்துவிட்டால் தேவராஜிடம் கற்ற மெட்ராஸ் பாஷை. கையில் ஒன்றுமில்லாதபோது அது எகிறும். "இன்னா மச்சி, பாத்துக்கினே கீறே? போடு!" என்பான். நல்ல சீட்டு வந்துவிட்டாலோ பதற்றத்தில் பாஷை நழுவி, "பாத்துண்டிருக்கேன்" என்று வாயில் வந்துவிடும். அந்த 'ண்டு' காதில் விழுந்தால் நான் மரியாதையாகச் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவேன்.

அதற்காகத்தான் ரங்கனுக்கு அடுத்த இடம். அவன் வாயைத் திறந்த பிறகு என் முறை வரும். "ஃபேன் காத்து அங்கதான் வருது" என்று நான் உட்காரப் போனால், தேவராஜ் "எனுக்கும் காத்து வோணும் நைனா" என்று இடிப்பான். இத்தனைக்கும் அந்த ஃபேன் பாதி நாள் ஓடாது. அவனுக்கும் 'ண்டு' ரகசியம் தெரியும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான்தான் பெரிய கில்லாடி என்ற நினைப்பு!

ஒரு வாரம் சூப்பர்வைசர், "ஞாயித்துக்கிழமை ஒருத்தனுக்குத்தான் லீவு, நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்த ஞாயிறு உயிர். எதிர்க்கடை பில் கவுண்டரில் இருந்த விஜயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "நாலு மணிக்குத் திருவான்மியூர் பீச்சுக்கு வந்து உங்க முடிவச் சொல்லுங்க. வரலேன்னா திங்கக்கிழமை பாக்க வர்றவருக்குத் தலையாட்டிடுவேன்." இதை ரங்கனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். தேவராஜிடம் சொன்னால் பாண்டி பஜாருக்கே தெரிந்துவிடும்.

ஒரே ஆட்டம், கடைசிவரை நிற்பவனுக்கு லீவு என்று பேச்சு. எனக்கு ஒன்பதில் ஒரு ஜோடி. ரங்கன் தன் குண்டூசி மொத்தத்தையும் நடுவில் தள்ளி, "எத்தன நாழிடா யோசிச்சுண்டிருப்பேள்?" என்றான்.

'ண்டு'! விஜயாவின் முகம் வந்து போனது. சீட்டைக் கவிழ்த்தேன். தேவராஜும் "சர்தான் போ, வந்துகீது அவனுக்கு" என்று தன் சீட்டை வீசினான். வீசியதில் திரும்பிக்கொண்டது: ஏஸ் ஜோடி. நான் நின்றிருந்தாலும் அவனிடம் தோற்றிருப்பேன்.

ரங்கன் நிதானமாகத் தன் சீட்டைக் காட்டினான். நாலு, ஏழு, பத்து. ஒரு ஜோடிகூட இல்லை.

"அட கய்தே!" என்று தேவராஜ் எகிறினான்.

"நான் ஜெயிச்ச லீவு, யாருக்கு வோணா குடுப்பேன்" என்று ரங்கன் என் பக்கம் கையைக் காட்டினான். 'ண்டு'வுக்குக் காத்திருந்த எங்கள் இருவர் காதையும் அவன் எத்தனை நாளாகக் கவனித்து வைத்திருந்தானோ, திருட்டுப்பயல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த லீவை மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கியதாக விஜயாவிடம் அன்றைக்கு பீச்சிலேயே அளந்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷமாக அதையே நம்பிக்கொண்டிருக்கிறாள். ரங்கன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கதையை நான் கூசாமல் சொல்வேன்; அவனும் "ஆமாம்மா, நான் பார்த்தேன்" என்று தலையாட்டுவான்.

அந்தக் கடையை இடித்துவிட்டார்கள். தேவராஜ் ஊருக்கு வெளியே எங்கோ குடிபோனதோடு சரி, தகவலில்லை. போன புரட்டாசியில் ரங்கனும் போய்ச் சேர்ந்தான். துக்கம் கேட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது விஜயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம், பொய் சொல்லவே தெரியாத மனுஷன்" என்றாள்.