கடல் பார்த்த அறை

கடற்கரையில் அறை வாடகைக்கு விடுவது சுகமான தொழில் என்று சொல்கிறவர்கள் யாரும் கடற்கரையில் அறை வாடகைக்கு விட்டவர்கள் இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் வீட்டை விருந்தாளிகளுக்கு விடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அட்டைப்பூச்சியும் மழையும்தான் தொந்தரவு. மலை இருந்த இடத்திலேயே இருக்கும். இனயத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து அறைகள் வைத்திருந்தவள் நான். அலைச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து சுவரைத் தொட்டுப் பார்க்கிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதெல்லாம் முழுசாகப் புரியும்.

படத்தில் இருந்த தென்னைகள்

என் கணவர் சவூதியில் உழைத்துத் திரும்பி வந்து, வீட்டின் முன்பக்கம் அறைகள் கட்டினார். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் அன்றைக்கு அகலமான மணலும் ஒரு வரிசைத் தென்னையும் இருந்தன. அவர் எடுத்த அந்தப் படத்தைத்தான் மகள் இணையத்தில் போட்டாள். பிறகு அவர் மாரடைப்பில் போய்விட்டார். அதன்பின் ஒவ்வொரு ஆனி ஆடியிலும் கடல் ஏறி வந்து முதலில் மணலைத் தின்றது, அப்புறம் தென்னைகளை. அவர் எடுத்த படம் என்பதால் அதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், செல்போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, தென்னைமரமெல்லாம் எங்கே என்று கேட்டார். நான் அலையைக் காட்டினேன். ஏமாற்றிவிட்டாய் என்று சண்டைக்கு வருவார் என நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அட விடுங்கம்மா, மரம் போனதும் நல்லதாப் போச்சு. இப்பத்தான் கடல் மறைக்காமத் தெரியுதுங்க!"

மழைக்கு வந்தவர்

என் மகள் ஜெனிஷா அயர்லாந்தில், மேற்குக் கடற்கரை மாவட்டம் ஒன்றில் நர்ஸ். அவளுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருக்கும் வெள்ளைக்கார அம்மாள் ஒருமுறை எங்கள் ஊர் பார்க்க வந்தார். அதுவும் ஆடி மாதம், ஈ காக்காய்கூட வராத நேரத்தில். கொட்டுகிற மழையில் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாயா குடித்தார். குடை கொடுத்தால் சிரித்தார். அவரும் அங்கே பாறை விளிம்பில் அறைகள் விடுகிறவர்தானாம். நம்மைப்போல இன்னொரு பாவி.

கிளம்புகிற அன்று முன்னறைச் சுவரில் ஓடிய விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வீட்டின் பின்பக்கம் போனார். அங்கே அடுத்த வீட்டின் அடுக்களைச் சுவர் இருக்கிறது. இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். எங்கள் கடற்கரையில் எல்லா வீடும் அப்படித்தான். எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்தி அவர் ஆங்கிலத்தில் கேட்டது இது: "எங்க ஊர்ல கடல் வந்தா வீட்டைத் தள்ளிக் கட்டிக்குவோம், பின்னால நிலம் கிடக்கு. நீங்க எங்கே தள்ளுவீங்க?"

கொத்தனார்

விரிசலுக்குள் விரல் நுழையத் தொடங்கியதும் எங்கள் வழக்கமான கொத்தனாரை வடசேரியிலிருந்து வரவழைத்தேன். சும்மாவே வாய் ஓயாத மனிதர். அன்று சுவரைத் தட்டிப் பார்த்தார், அஸ்திவாரத்துக்கு அடியில் கையை விட்டு ஈர மணலை அள்ளிப் பார்த்தார். கொடுத்த சாயா ஆறிப்போயிற்று. கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "அக்கா, சுவரு கெட்டச் சொன்னா கெட்டித் தருவேன். ஆனா இனி கெட்டுறது உங்களுக்கில்ல, கடலுக்காக்கும்."

நவம்பர் இரண்டு

கல்லறைத் திருநாள். அன்று கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவோம். பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கடலோர வரிசை ஒரு ஆடியில் அப்படியே கடலோடு போய்விட்டது. என் கணவர் அந்த வரிசையில் இருந்தார். அவருடைய சிலுவைகூடக் கிடைக்கவில்லை. கல்லறையைப் பறிகொடுத்த நாங்கள் கொஞ்சம் பேர் இப்போது அலைத்தடுப்புப் பாறைகளின் மேல்தான் திரி வைக்கிறோம். எங்கள் பக்கம் வந்ததும் சாமியார் கடலைப் பார்த்துத் தீர்த்தம் தெளிப்பார். கடலுக்கே தண்ணீர் தெளிக்கிறாரே என்று ஒவ்வொரு முறையும் அழுதுவிடுவேன்.

சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த புதுத் தம்பதி அன்று சாயங்காலம் ஓடி ஓடிப் படம் எடுத்தார்கள். நான் அழுததையும் எடுத்திருப்பார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. காற்றில் என் திரி அணைந்து அணைந்து போனபோது, அந்தப் பெண்தான் துப்பட்டாவை விரித்து மறைத்து நின்றாள். திரி நின்று எரிந்ததும் கேட்டாள்: "சூப்பரா இருக்கு ஆன்ட்டி! இந்த ஃபெஸ்டிவல் வருஷா வருஷம் நடக்குமா? அடுத்த தடவை ஃப்ரெண்ட்ஸ் எல்லாரையும் கூட்டிட்டு வரோம்."

முன்னறை

இந்த ஆனியில் ஒரு மத்தியானம் முன்னறை விழுந்தது. நான் அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஆனி பிறந்தால் அந்த அறையை யாருக்கும் கொடுப்பதில்லை என்பதால் ஓர் உயிருக்கும் சேதமில்லை. என் கணவர் கடைகடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த நீல டைல்ஸ் அலையில் உருண்டுகொண்டிருந்தது. மற்ற அறைகளிலும் விரிசல் ஓடிவிட்டது.

ஜெனிஷா போனில் கூப்பிட்டு, டிக்கெட் போடுகிறேன், வந்துவிடு என்றாள். வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான். வீடு போனால் போகட்டும் மக்ளே, அப்பாவை இங்கே விட்டுவிட்டு எப்படி வருவேன் என்று அழுதேன். அந்தப் பக்கம் அவளும் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அம்மா, அப்பா இப்ப கல்லறையிலயா கெடக்காரு? கடல்லயில்லியா! இஞ்ச எனக்க சன்னலத் தொறந்தாலும் கடலுதான். ரெண்டும் ஒரே தண்ணிதானே, நீ வா."

பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன், எங்கள் தொழிலில் கடைசியாக அறையைக் காலி செய்கிற விருந்தாளி வீட்டுக்காரிதான்.