தீபாவளியைப் பந்தயம் வைத்து ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு ஒரு போக்கர் பயணம்

இந்த வருடத் தீபாவளி விருந்து யார் வீட்டில் என்பதைச் சீட்டாடித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சுபா மச்சாள் சொன்னதும் நான் யோசிக்கவே இல்லை, சரி என்றேன். சுபா என் கணவரின் அக்கா. பார்க்கிங் என்ற ஊரில் வீடு, அங்கேயே மருந்துக்கடையும் வைத்திருக்கிறார். நான் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் மருமகளாகி, மூன்று வருடமாக நாற்பது பேருக்கு எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் சமைத்துக் கை ஓய்ந்தவள். ஸ்ட்ராட்ஃபோர்டு கசினோவில் சனிக்கிழமை மதியம் போக்கர் போட்டி. எங்கள் இருவரில் முதலில் தோற்று வெளியேறுபவர் வீட்டில் விருந்து. அக்டோபர் முதல் சனிக்கிழமைக்குப் பெயர் கொடுத்தோம்.

காலை 11.10க்குக் கிளம்பினேன். ரெய்னர்ஸ் லேனில் மெட்ரோபாலிட்டன் ரயில், வெம்ப்ளி பார்க்கில் இறங்கி ஜூபிலி ரயில், அப்படியே கடைசி ஸ்டேஷனான ஸ்ட்ராட்ஃபோர்டு வரை. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மச்சாள் எனக்கு முன்பே வந்து கையில் காப்பியோடு நின்றார். நுழைவுக் கட்டணம் அறுபது பவுண்ட். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

எனக்குப் போக்கர் புதிதல்ல. மாதத்துக்கு ஒரு முறை அலுவலக நண்பர்களோடு கேஷ் கேம் ஆடுகிறேன். அதில் மேசையில் இருப்பது நிஜப் பணம். நல்ல சீட்டு வரும்வரை சும்மா இருக்கலாம், தோற்றால் பர்ஸைத் திறந்து மறுபடி உட்காரலாம், அலுத்தால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். போட்டியில் மூன்றுமே நடக்காது. எல்லாருக்கும் பணத்துக்குப் பதில் பதினைந்தாயிரம் மதிப்புக்குச் சிப் வில்லைகள், தீர்ந்தால் வெளியே. முறை வரும்போதெல்லாம் கட்டாயமாகப் போட வேண்டிய தொகைக்குப் பிளைண்ட் என்று பெயர். அது இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ஏறிக்கொண்டே போகும்.

“நீர் வீட்டில ஆடுற மாதிரி காத்துக்கொண்டு இருந்தீரெண்டால் பிளைண்டே உம்மைத் திண்டுபோடும்,” என்றார் மச்சாள்.

“நீங்க உங்க சிப்பைப் பாருங்க மச்சாள்,” என்றேன். வாய்தான் பேசியது, உள்ளுக்குள் எனக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரிப் படபடப்பு. ஆனால் அந்தப் படபடப்பு எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு மணி நேரம் ஒழுங்காகத்தான் ஆடினேன். பிறகு மாமியின், அதாவது என் மாமியாரின், போன் வந்தது. மேசையில் இருந்தபடி பேசக் கூடாது என்பது விதி. மாமியின் போனை எடுக்காமல் இருக்க முடியாது என்பது எங்கள் வீட்டு விதி. கேஷ் கேமில் எழுந்து போனால் பைசா நஷ்டமில்லை என்ற பழக்கத்தில் வெளியே போனேன்.

“பிள்ளை, இந்த முறை தீபாவளிக்கு எங்க வாறது? ஆக்களுக்குச் சொல்லோணும்.”

“சாயங்காலம் சொல்றேன் மாமி.”

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அதன் பிறகு ஒரு கல்யாணப் பேச்சு, மாமியின் முழங்கால் வலி என்று அரை மணி நேரம் ஓடியது. திரும்பி வந்தால் என் இருக்கைக்கும் சீட்டுப் போட்டு, பிளைண்டாக ஐயாயிரம் சிப்பை எடுத்திருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனிக் காத்திருக்க வழியில்லை. சுமாரான சீட்டு வந்தபோதே இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினேன். இரண்டு முறை தள்ளி, இரண்டு முறையும் வென்றேன். வீட்டு மேசையில் அந்தச் சீட்டுகளைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஐந்தரை மணிக்குப் பத்துப் பேர் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். பரிசு ஒன்பது பேருக்கு. எனக்கு இரண்டு இருக்கை தள்ளி மச்சாள். அவர் போன் அதிர்ந்தது, திரையில் ‘அம்மா’. மச்சாள் அதை அப்படியே கவிழ்த்து வைத்தார். “இப்ப ஏலாது,” என்றார், யாரையும் பார்க்காமல்.

அடுத்த ஆட்டத்தில், நிறையச் சிப் வைத்திருந்த ஒரு தாடிக்காரர் எல்லாவற்றையும் தள்ளினார். என் கையில் இரண்டு பத்து. கேஷ் கேமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஈடாகச் சிப் போட்டு மோதியிருப்பேன். இங்கே தோற்றால் பரிசும் போய், நாற்பது பேரும் என் வீட்டுக்கு. எதிரே ஒருவரிடம் ஒரு சுற்றுக்குக்கூடச் சிப் இல்லை, அவர் போகும்வரை பொறுத்தால் போதும். மனசே இல்லாமல் பத்துகளைக் கீழே வைத்து அந்த ஆட்டத்திலிருந்து ஒதுங்கினேன். மச்சாளிடம் இரண்டு ராணி. அவர் தன் சிப் எல்லாவற்றையும் போட்டு மோதினார், அதுதான் சரியான ஆட்டமும். தாடிக்காரருக்குக் கடைசிச் சீட்டில் ஏஸ் ஜோடி சேர்ந்தது, மச்சாளின் சிப் முழுதும் போனது.

மச்சாள் எழுந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் ஒன்பதாவது இடத்தில் முடித்து வெளியே வந்தேன், கையில் நூற்று இருபது பவுண்ட். தரையில் கால் பாவவில்லை. எனக்காகக் காத்திருந்த மச்சாளோடு ஸ்டேஷனில் நின்றபடியே கணவருக்குப் போன் போட்டு, மச்சாளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

“நான் ஜெயிச்சிட்டேன். தீபாவளி பார்க்கிங்கில.”

கணவர் அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“அம்மா எனக்குப் போன் அடிச்சவா. அக்கா போன் எடுக்கேல்லையாம், நீரும் பிறகு சொல்றன் எண்டிட்டீராம். நான் எங்கட வீட்டுக்கே வரச் சொல்லிப்போட்டன். எல்லாருக்கும் சொல்லியாச்சாம்.”

மச்சாள் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். “வடை நான் கொண்டு வாறன்,” என்றார்.

கேஷ் கேம் ஆடுகிறவர்கள் ஒரு முறையாவது போட்டிக்குப் போய்ப் பாருங்கள், அந்தக் கடைசிப் பத்துப் பேர் மேசை எந்த வீட்டு ஆட்டத்திலும் கிடைக்காது. பிளைண்ட் ஏற ஏறத் துணியுங்கள், பரிசுக்கு இன்னும் ஒரே ஒரு ஆள் வெளியேற வேண்டியிருக்கும்போது பொறுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், போனை அணைத்து வையுங்கள். முக்கியமாக, வீட்டில் இருப்பவரிடம் யார் கேட்டாலும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இந்த வருடம் நாற்பத்திரண்டு பேராம்.