தூக்கிப் பாருங்க

ஆம்ப்ளிஃபயர் செய்து விற்றவருக்குக் கடைவீதி வைத்த பெயர் ‘தூக்கிப்பாரு’. சரக்கைப் பற்றி யார் எது கேட்டாலும் அவருடைய பதில் அதுதான். "சத்தம் எப்படி?" என்றாலும், "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்றாலும், "தூக்கிப் பாருங்க" என்பார். தூக்கியவரின் தோள் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்த தோளோடு தலையாட்டி வாங்கிப் போவார்கள். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் செங்கல் அளவு இரும்புத் தகடு ஒன்று வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

அதை ஏமாற்று வேலை என்று அவர் நினைக்கவில்லை. உள்ளே இருந்த மற்ற சாமான்கள் எல்லாம் நல்லவைதான். நல்லதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு ஜனங்களுக்குக் கையில் தொங்கும் ஸ்பீக்கர்தான் வேண்டும் என்றாகிவிட்டது. வழக்கமாக வாங்கிய கடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மிச்சமிருந்த ஒரே கடைக்காரரும் ஒருநாள் கையை விரித்தார்.

"அண்ணே, இனிமே பெரிய பெட்டி போகாது. ஒத்தை விரல்ல மாட்டிட்டுப் போற மாதிரி சின்னதா ஒண்ணு பண்ணி சனிக்கிழமை கொண்டாங்க. பிடிச்சா மாசாமாசம் எடுக்கறேன். இல்லேன்னா வெளியூர்ச் சரக்குக்குப் போயிடுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

பட்டறை நடப்பதும் மூடுவதும் அந்தச் சனிக்கிழமை கையில் இருந்தது.

ஐந்து நாள் அவர் பட்டறையை விட்டு நகரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஸ்பீக்கர் பாடியது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படியொரு குரல்! பெருமையோடு சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தார். ஒரு கையால் எடுக்கப் போன மனைவி, இன்னொரு கையையும் சேர்த்துக்கொண்டார்.

"இது பாட்டுப் பெட்டியா, இஸ்திரிப் பெட்டியா?"

"கொஞ்சம் கனம் இருந்தாத்தானே ஒரு இது."

"எந்த இது? உள்ள தகடு வெச்சீங்களா, இல்லையா?"

"சின்னதுதான் வெச்சேன்."

"விரல்ல மாட்டச் சொன்னா விரலையே ஒடிக்கப் பாக்குறீங்க. கழட்டுங்க முதல்ல."

பல் பிடுங்கக் கொடுப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு கழற்றினார். மறுபடி பாடவிட்டதும் ஸ்பீக்கர் அதிர்ந்து அதிர்ந்து மேசைமேல் நடக்க ஆரம்பித்தது. தண்ணீர் டம்ளரை இடித்துக்கொண்டு விளிம்பு வரை போய், மனைவியின் மடியில் விழுந்தது.

"பாத்தியா! கனம் இல்லேன்னா ஒரு இடத்துல நிக்குதா?"

மனைவி வாசலில் கிடந்த அவருடைய ரப்பர் செருப்பை எடுத்துவந்து, கத்தரிக்கோலால் நான்கு துண்டு வெட்டினார்.

"அது என் செருப்பு!"

"வார் அறுந்து ரெண்டு மாசம் ஆச்சு. தள்ளுங்க."

நான்கு துண்டையும் அடியில் ஒட்டியதும் ஸ்பீக்கர் அடக்கமாக உட்கார்ந்து பாடியது.

சனிக்கிழமை கடைக்காரர் முழுச் சத்தம் வைத்துப் பார்த்தார். கண்ணாடி மேசையில் அது இம்மியும் நகரவில்லை. விரலில் மாட்டி ஆட்டியபடி, "மாசம் நாப்பது குடுத்துடுங்கண்ணே" என்றார்.

சந்தோஷத்தில் வாய்ப்பழக்கம் முந்திக்கொண்டது. "தூக்கிப் பாருங்க!"

"தூக்கிட்டுத்தானேண்ணே நிக்கிறேன்!"

பட்டறை அதற்கப்புறம் பதினோரு வருஷம் ஓடியது. போன மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். மாடிப்படியில் அவரை இறக்கும்போது, தலைமாட்டைப் பிடித்திருந்த மருமகன் தாங்காமல் சொன்னார்: "மாமா இவ்வளவு லேசாவா இருந்தாரு?"

பின்னால் இறங்கிவந்த மாமியார் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மெதுவா பேசுங்க மாப்பிள்ளை. காதுல விழுந்தா, தகடு எங்கேன்னு கேட்டு எழுந்து வந்துடுவாரு."