பெரிய ஓட்டைக்குக் கொடுத்த காசு

கண்ணாடியக்கா தன் நாத்தனாருக்கு எட்டாயிரம் கடன்பட்டிருந்தாள். லென்ஸ் வாங்கிய கடன். மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் தராவிட்டால் கேமராவை நாத்தனார் எடுத்துக்கொள்வாள்; அதுதான் பேச்சு.

சோடாபுட்டிக் கண்ணாடி போட்டதால் வந்த பெயர். படித்தது ஐந்தாம் வகுப்பு. பதினைந்து வருஷம் ஆஸ்பத்திரித் துணிக்கு இஸ்திரி போட்டு, அந்தக் காசில் கேமரா வாங்கி, தானே தட்டுத் தடுமாறித் தொழில் கற்றவள். வாத்தியார் என்று ஒருத்தர் வாசலை மிதித்ததில்லை. அதை அவளே பத்துப் பேரிடம் சொல்லவும் சொல்வாள். சொன்னால் என்ன? உழைத்தவள் சொல்லலாம்.

லென்ஸுக்குள் ஒரு ஓட்டை உண்டு. வெளிச்சம் அதன் வழியாகத்தான் போகும். நம்பர் சின்னதானால் ஓட்டை பெரிது; நம்பர் பெரிதானால் ஓட்டை சின்னது. ஒன்று புள்ளி எட்டு வரை திறக்கிற லென்ஸுக்கு விலை கூடுதல். ஆகவே அவள் அதை ஒருநாளும் சுருக்கியதில்லை.

"பெரிய ஓட்டைக்குத்தானே காசு குடுத்தேன்? அதை மூடி வெக்கவா?"

கல்யாணப் பெண் தனியே நின்றால் முகம் பளிச்சென்றிருக்கும், பின்னால் எல்லாம் புகைபோல் கரைந்துவிடும். ஊரே மெச்சியது.

பஸ் டெப்போவில்தான் மாட்டிக்கொண்டாள். நாற்பத்திரண்டு டிரைவர்கள், மூன்று வரிசை, ஒரே குரூப் போட்டோ; ஆளுக்கு ஒரு பிரிண்ட், பிரிண்டுக்கு முந்நூறு. முன்வரிசைக்குக் கண்ணிமை வரை தெரிந்தது. பின்னால் நின்ற இருபத்தெட்டுப் பேரும் மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்த மாதிரி இருந்தார்கள்.

"என் மூக்கு எங்கக்கா?" என்றார் கடைசி வரிசை நெட்டை டிரைவர்.

"முன்னாடி உக்காந்தவனுக்கு ரெண்டாப் போயிருக்கும், தேடிப் பாரு" என்றார் பக்கத்தில் நின்றவர்.

எல்லோரும் சிரித்தார்கள், பின்னால் நின்றவர்கள் காசு மட்டும் வரவில்லை. முன்வரிசைக் காசு பிரிண்ட் கடைக்கே சரியாய்ப் போகும்.

"வியாழக்கிழமை ஷிப்ட் மாறும்போது பத்து நிமிஷம் தர்றோம். அதுலயும் மூக்கு வரலேன்னா விட்டுருங்கக்கா" என்றார் நெட்டை டிரைவர்.

பஸ் ஸ்டாப்பில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது, போர்டு தெரியவில்லை. பழக்கதோஷத்தில் கண்ணை இடுக்கினாள். எழுத்து தெரிந்தது. இடுக்கிய கண்ணோடு அப்படியே நின்றாள். பஸ் போயே போய்விட்டது. கண்ணை இடுக்குவதென்றால் என்ன? ஓட்டையைச் சுருக்குவதுதானே!

வீட்டுக்கு வந்ததும் புருஷனை மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார வைத்தாள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தாள்.

"அண்ணி, மேல்படிக்குப் போங்க. கடைசி வரிசை நீங்கதான்."

"அது சரி, கடன் குடுத்தவளுக்குக் கடைசி வரிசைதான்டி கிடைக்கும்!"

ஒன்று புள்ளி எட்டில் நாத்தனார் ஆவியாக நின்றாள். நாலில் ஆள் என்று தெரிந்தது. எட்டில் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றையும் எண்ணலாம். பதினாறில் வெளிச்சம் போதாமல் ஷட்டர் நிதானமாக மூட, தலை சொறிந்த புருஷனுக்கு நாலு கை முளைத்திருந்தது.

நாத்தனார் எட்டாம் நம்பர் படத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். "இதெல்லாம் எப்ப வந்துச்சு? மொதப் படமே நல்லாருந்துச்சே!"

"ஆமா, ஆவிக்குச் சுருக்கம் ஏதுக்கா?" என்றான் கீழ்ப்படியில் இருந்த அவள் தம்பி.

வியாழக்கிழமை, கூரைக்கு அடியில் கிடந்த பெஞ்சுகளை வெளியே இழுக்கச் சொன்னாள். "வெயில்ல எதுக்குக்கா?" என்று முணுமுணுத்தவர்களை, "மூக்கு வேணுமா, நிழல் வேணுமா?" என்று ஒரே கேள்வியில் அடக்கினாள். ஸ்டாண்டில் கேமரா, நம்பர் எட்டு, குறி நடுவரிசை மேல்.

"மூச்சு விடாதீங்க!"

"கூட்டத்துல நாங்க என்னைக்கு மூச்சு விட்டோம்?"

கிளிக்.

நெட்டை டிரைவர் ஓடி வந்து, திரையில் தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இவ்ளோ பெருசாவா இருக்கு?" என்று மூக்கைத் தடவிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து முந்நூறை எடுத்தார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.

சனிக்கிழமை காலையில் நாத்தனார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடியக்கா நோட்டுக்கட்டை நீட்டினாள். "எண்ணிக்குங்க அண்ணி."

"நீயே எண்ணு. சத்தமா எண்ணு."

நாத்தனாரின் உள்ளங்கை விரிந்தது. எல்லாம் டீசல் வாடை அடிக்கும் நூறு ரூபாய் நோட்டுகள். ஒவ்வொன்றாய் வைத்தாள், அவசரப்படவே இல்லை.

"எழுபத்தெட்டு... எழுபத்தொம்பது... எண்பது."